பழுது எங்கே இருக்கிறது?

(மலாக்காவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மருத்துவம் பற்றிப் பேச வருகிறவர் முதலில் ஒரு குறளைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். எந்தக் குறள் என்று உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் இதற்குள் மனத்துக்குள் சொல்லியும் முடித்திருப்பீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்குப் போகிறேன்.

கால் வீக்கம், மூச்சு வாங்குதல், சோகை, சீனி என்று நாம் சொல்பவை எல்லாம் வெளியில் தெரிகிற அடையாளங்கள். அவற்றுக்கு அடியில் உடம்பின் எந்த இடத்தில் எந்த வேலை நின்றுபோயிருக்கிறது என்று தெரியும்வரை வைத்தியம் ஊகத்தில்தான் நடக்கும். பழுது எது என்று தெரியாத காலத்தில் யார்மீதாவது பழி போட்டாக வேண்டுமே. முதலில் இடத்தின்மேல் போடுவார்கள். பிறகு இனத்தின்மேல். கடைசியில் நோயாளியின் குணத்தின்மேல். இந்த மூன்றும் இந்த நாட்டில், நம் தாத்தா பாட்டி காலத்தில், நம் தோட்டங்களைச் சுற்றியே நடந்திருக்கின்றன. இரண்டாவதும் மூன்றாவதும் இன்றும் நடக்கின்றன. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரத்தக் குழாய்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் அல்ல. வார்டில் உள்ளவர்களுக்கு நோயாளியின் முகம் தெரியும். எங்களுக்கு அவர் இரத்தம்தான் தெரியும்.

1896இல் டான் சாய் யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காக நட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுதான். பிறகு புக்கிட் அசாஹானில் பெரிய அளவில் நட்டார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். அதே காலத்தில் ஈயச் சுரங்கங்களுக்குச் சீனர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கில் கொன்றது. முதலில் கால் மரத்துப்போகும். பிறகு நடை தள்ளும். சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து, இருதயம் விரிந்து, ஒரே இரவில் உயிர் போய்விடும். சுரங்கம், சிறைச்சாலை, மனநோய் மருத்துவமனை என்று ஆட்களை ஒரே கூரையின்கீழ் வைத்துச் சமைத்துப் போட்ட இடங்களில்தான் அது மிகுதி.

இடத்தைப் பிடித்திருக்கிற கிருமி என்றார்கள். சுவர்களைக் கழுவினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், மருந்து தெளித்தார்கள். நோய் போகவில்லை.

இங்கே ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. அதே ஊரில், அதே மழையில், இன்னும் மோசமான லயங்களில் இருந்த தமிழர்களுக்குப் பெரிபெரி அநேகமாக வருவதே இல்லை. சீனன் உடம்பு வேறு, தமிழன் உடம்பு வேறு என்று முடிவு கட்ட இது போதாதா? பலர் அப்படித்தான் கட்டினார்கள். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனர்ட் பிராடன் மட்டும் இரண்டு கூட்டத்தாரின் சோற்றுச் சட்டியையும் எட்டிப் பார்த்தார். சீனர் தின்றது சியாமிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த, ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. தமிழர் தின்றது ஊரிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. 1907இல் அவர் வெளியிட்ட புத்தகம் பெரிபெரிக்குக் காரணம் அரிசிதான் என்று அடித்துச் சொன்னது. பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்பது அவர் விளக்கம். அரிசி என்பது சரி. நஞ்சு என்பது தவறு. புத்தகம் வருமுன்பே அவர் சொல்லிவந்த, பாதி சரியான அந்த ஊகமே இரண்டு சோதனைகளுக்கு வழி விட்டது.

முதல் சோதனை கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில், டாக்டர் வில்லியம் ஃப்ளெட்சர் செய்தது. அங்கே 1905இல் பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. அவர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் சொல்ல வைத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்கு வார்டுக்கு, இரட்டைப்படைக்காரர்கள் மேற்கு வார்டுக்கு. கிழக்கே பழையபடி சியாம் பச்சரிசி. மேற்கே இந்தியப் புழுங்கல் அரிசி. மற்றச் சாப்பாடு எல்லாம் ஒன்றே. ஆண்டு முடிவதற்குள் பச்சரிசி தின்ற 120 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பெரிபெரி. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிக் கூட்டத்தில் இருவருக்கு மட்டும் நோய் இருந்தது, அதுவும் வரும்போதே கொண்டுவந்தது. பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. நடுவில் ஃப்ளெட்சர் இன்னொரு காரியமும் செய்தார். கிழக்கு வார்டுக்காரர்களை மேற்கேயும், மேற்குக்காரர்களைக் கிழக்கேயும் மாற்றினார். நோய் கட்டடத்தோடு நின்றுவிடவில்லை. அரிசியைப் பின்தொடர்ந்து போனது. சுண்ணாம்பு அடித்த சுவர்களின்மேல் இருந்த பழி அன்றோடு தீர்ந்தது. வாய் திறந்து மறுக்க முடியாத மனநோயாளிகளை வைத்து இப்படிச் சோதித்தது நியாயமா என்ற கேள்வி எனக்கு உண்டு. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.

இரண்டாவது சோதனை மலாக்காவுக்குப் பக்கத்தில், நெகிரி செம்பிலானின் ஜெலெபு மாவட்டத்தில் டுரியான் திப்புஸ் என்ற இடத்தில் நடந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் 1907இல், காட்டுக்குள் புதிதாகச் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவாக்காரத் தொழிலாளர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் போட்டார்கள். பழைய கட்டடம் என்ற பேச்சே இல்லை, அது கன்னிக்காடு. இனவேறுபாடு என்ற பேச்சும் இல்லை, எல்லாரும் ஜாவாக்காரர். சில மாதங்களில் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் பெரிபெரி எழுந்தது. அரிசியை மாற்றினார்கள், நின்றது. அதுவரை நலமாக இருந்த மற்றக் கூட்டத்துக்கு வெள்ளை அரிசி போட்டார்கள், அங்கே எழுந்தது. இடமும் இனமும் ஒரே வீச்சில் விலகிவிட்டன. பிறகு இருவரும் கோழிகளை வைத்து ஆராய்ந்து, அரிசி தீட்டும்போது போகிற தவிட்டோடு ஏதோ ஒன்று போய்விடுகிறது, அது இல்லாததுதான் நோய் என்று சொன்னார்கள். பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) ஐக்மான், கிரைன்ஸ் என்ற மருத்துவர்கள் ஏற்கெனவே கோழிகளில் பார்த்ததும் இதைத்தான். 1910இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு மருத்துவர்கள் வெள்ளை அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஒப்புக்கொண்டு தீர்மானம் போட்டார்கள். 1926இல் ஜாவாவில் அந்தப் பொருளைத் தனியே பிரித்துப் படிகமாக எடுத்தார்கள். 1936இல் அமெரிக்காவில் அதைச் செயற்கையாகச் செய்தார்கள். தயமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் சொல்வது அதைத்தான்.

நம் பாட்டிமாருக்கு இது எதுவும் தெரியாது. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துக் குத்தினால் அரிசி உடையாது, நாள்பட நிற்கும், கஞ்சிக்கு நல்லது என்று மட்டும் தெரியும். உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 நீரில் கரைந்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அதில் ஒரு பங்கு உள்ளேயே நிற்கும். தமிழ்த் தொழிலாளியைக் காப்பாற்றியது அந்தச் சமையல் பழக்கம். இன உடம்பு என்று எழுதியவர்கள் யாரும் பிறகு மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

இதுவரை வந்தது உணவுக் குறை. உடம்புக்குள்ளே என்ன பழுதானது என்பது இன்னும் ஒரு படி உள்ளே. அதை 1930களில் ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் பார்த்தார். பி1 இல்லாத தீனி போட்ட புறாக்களுக்குத் தலை பின்பக்கமாக வளைந்து வலிப்பு வரும். அந்த மூளையைத் துண்டு போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் நோய்க்குத் தக்க சேதம் எதுவும் தெரியாது. ஆனால் அந்தத் திசுவைக் குளுக்கோஸோடு குழாயில் வைத்தால் அது வேண்டிய அளவு ஆக்சிஜனை எடுப்பதில்லை. எரிப்பு பாதி வழியில், பைருவேட் என்ற படியில் நின்றுபோகிறது. குழாய்க்குள் துளி தயமினை விட்டால் மறுபடி ஓடுகிறது. உயிரோடுள்ள புறாவுக்குக் கொடுத்தால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கிறது. உருவத்தில் குறையில்லை, வேலையில் குறை இருக்கிறது. இதை அவர் உயிர்வேதியியல் பழுது என்றார். என் தொழிலுக்கே அடித்தளமான கருத்து அது. சர்க்கரையை எரித்தே பிழைக்கிற நரம்பும், ஓய்வே இல்லாத இருதயமும் முதலில் விழுவது ஏன் என்பதும் அதோடு விளங்கியது. இதற்கு முன்பே, 1908இல், லண்டனில் ஆர்ச்சிபால்ட் கேராட் என்ற மருத்துவர், பிறக்கும்போதே ஒரு வேதிப்படி அறுந்து பிறக்கிறவர்கள் உண்டு என்று தொடர் சொற்பொழிவு செய்திருந்தார். அன்றைக்குக் கேட்டவர்கள் அதை அபூர்வ நோய்க் கதையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

பெரிபெரி பழங்கதை என்று நினைக்காதீர்கள். தோட்டத்தில் சம்சு குடித்தவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நான் கள்ளைச் சொல்லவில்லை, மலிவுச் சாராயத்தைச் சொல்கிறேன். சோற்றை விட்டுவிட்டு அதையே குடிக்கிற உடம்பில் பி1 உள்ளே போவதும் இல்லை, போனது குடலில் சரியாக ஏறுவதும் இல்லை. ஒரு நாள் அந்த மனிதர் கண்ணை நேராக நிறுத்த முடியாமல், கால் அகல வைத்துத் தள்ளாடி, நேற்று நடந்ததை மறந்து, இல்லாததைச் சொல்லுவார். குடித்துவிட்டு உளறுகிறான் என்று பேசாமல் ஓரமாகப் படுக்க வைப்பார்கள். அன்றைக்கு அவர் குடிக்காமலேகூட இருந்திருக்கலாம். இது வெர்னிக்கே நோய். அறுந்திருப்பது புறாவின் மூளையில் அறுந்த அதே படி. தயமின் ஊசி உடனே போட்டால் மூளையைக் காப்பாற்றலாம். தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், கையிருப்பில் உள்ள கொஞ்சநஞ்ச பி1உம் அந்தச் சர்க்கரையை எரிக்கப் போய், நிலைமை மோசமாகலாம். குடிகாரன் என்ற ஒரு சொல்லில் ஒரு மனிதரின் மூளை போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். எந்த இடம், யார் என்பது இங்கே வேண்டாம்.

குணத்தின்மேல் பழி என்று சொன்னேன். அதற்குத் தோட்டத்துப் பெரிய சாட்சி கொக்கிப்புழு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்கவே முடியாதவனைச் சோம்பேறி என்று கங்காணி எழுதினார், கிராணி கணக்கில் ஏற்றினார், துரை சம்பளத்தில் பிடித்தார். 1915 முதல் 1917 வரை சாமுவேல் டார்லிங் என்ற அமெரிக்கர் தலைமையில் ராக்ஃபெல்லர் குழு ஒன்று மலாயா, ஜாவா, ஃபிஜி தோட்டங்களில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. 1920இல் அறிக்கை வந்தது. ஒரே ஆளின் சோகையில் புழுவின் பங்கு எவ்வளவு, மலேரியாவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவர்கள் முயன்றது எனக்குப் பிடித்த விஷயம்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நெக்கேட்டர் வகைப் புழு ஒன்று நாளைக்குச் சுமார் 0.03 மில்லி இரத்தம் குடிக்கிறது. ஒன்றும் இல்லை என்று தோன்றும். வயிற்றில் 100 புழு இருந்தால் நாளைக்கு 3 மில்லி. ஒரு மில்லி இரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. ஆக நாளைக்கு ஒன்றரை மில்லிகிராம் இரும்பு வெளியே போகிறது. நல்ல உடம்பு சோற்றிலிருந்தும் கீரையிலிருந்தும் நாள் முழுதும் சேர்க்கக்கூடியதே ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். வரவும் செலவும் சரியாகி, கையிருப்பு கரைந்து, பிறகு இரத்தத்தின் சிவப்பே வெளுக்கிறது. ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தோடு மரத்துக்கு மரம் நடந்து, வாளி சுமந்து, மேட்டில் ஏறவேண்டும். அப்படிப்பட்டவன் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டால் அதற்குப் பெயர் சோம்பல். கக்கூஸ் கட்டிக் கொடுக்காத நிர்வாகத்தையும் செருப்பில்லாத காலையும் ஈரமான ரப்பர் நிழலையும் யாரும் சோம்பேறி என்று எழுதவில்லை. புழு மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுத்தபிறகு அதே ஆட்கள் வேலை செய்தார்கள்.

இன்னொரு வகைப் பழுதை விரைவாகச் சொல்லிக் கடக்கிறேன். ஜி6பிடி என்ற நொதி குறைந்து பிறக்கிற குழந்தைகள். மலேசியாவில் பிரசவத்தின்போது தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதிக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. மலாய்க்காரர், சீனரைவிட இந்தியரிடம் குறைவு, இல்லாமல் இல்லை. இந்தக் குழந்தைக்கு நோய் என்று எதுவும் கிடையாது. ஓடும், ஆடும், பள்ளிக்குப் போகும். ஆனால் மலேரியாவுக்குக் கொடுக்கிற பிரைமாக்குயின் போன்ற சில மருந்துகள் உள்ளே போனால், அல்லது பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த பழைய துணியைச் சுற்றினால், சிவப்பணுக்கள் மளமளவென்று உடைந்து மஞ்சள் காமாலை வரும். பச்சிளம் சிசுவுக்கு அது மூளை வரை போகலாம். பேரப்பிள்ளைக்கு என்று பத்திரமாக எடுத்து வைத்த பழைய வேட்டியை ஆசையோடு எடுக்கிற பாட்டிமார் கவனிக்க வேண்டும். பழுது ஒன்று, அதைத் தட்டி எழுப்புவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் நோய். பழுதை மாற்ற முடியாது. தட்டி எழுப்புவதைத் தவிர்க்கலாம். அதற்காகத்தான் தவிர்க்க வேண்டியவற்றை எழுதிய சீட்டைக் கொடுத்தனுப்புகிறார்கள். தயவுசெய்து தொலைத்துவிடாதீர்கள்.

இனி இனிப்புநீர் என்று நாம் சொல்கிற நீரிழிவுக்கு வருகிறேன். இன்று மாலை இங்கே வந்திருப்பவர்களில் பலருக்கு அதுதான் சொந்த விஷயம்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. எல்லா இனத்திலும் நாம்தான் முதலிடம். நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்கள்.

பெரிபெரியிலிருந்து தப்பித்த அதே தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் இவர்கள். நூறு வருஷத்துக்கு முன் சொன்னதையே இன்று திருப்பிச் சொல்கிறார்கள்: இந்தியன் உடம்பு அப்படி, பரம்பரை, இனிப்புப் பிரியர்கள், கட்டுப்பாடு இல்லாதவர்கள். நம் ஊர் பெயரே ஒரு சர்க்கரைக்கு இருக்கிறது, குலா மலாக்கா. ஆகவே கிண்டல் செய்வது எளிது. அரசுச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் தாதி திட்டுகிறார், வீட்டில் மருமகள் திட்டுகிறார், கடையில் தே தாரிக் குராங் மானிஸ், இனிப்புக் குறைவாக, என்று சொல்லிவிட்டு நாமே நம்மைத் திட்டிக்கொள்கிறோம். பழுது எங்கே என்று மட்டும் கேட்பதில்லை.

ஆய்வுக்கூடத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தைச் சுழற்றினால் சிவப்பணு அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். சில குழாய்களில் அது தெளியாது. தேங்காய்ப்பால் விட்டதுபோல் வெள்ளையாக நிற்கும். கொழுப்பு. பெயரைப் பார்ப்பேன், வயதைப் பார்ப்பேன், நாற்பதைத் தாண்டாத நம் ஆள். எடையைப் பார்த்தால் குண்டும் இல்லை. ஒல்லியான கை, ஒல்லியான கால், நடுவில் சின்னத் தொப்பை. இந்த உருவம் நம் கூட்டத்தில் எங்கும் இருக்கிறது.

இதை விளக்கியவர்களில் முக்கியமானவர் புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக். அவரும் ஜான் யட்கின் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்புக் கொழுப்போ யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. அவரது புனே ஆய்வில் குழந்தைகள் சராசரி 2.7 கிலோவோடு பிறந்தன. இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. புனேக் குழந்தையிடம் சதையும் உள்ளுறுப்புகளும் குறைவு. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பிறக்கும்போதே ஒல்லியான கொழுத்த குழந்தை என்று அவர் சொல்வது அதனால்தான். தாய்க்கு வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சரியான சாப்பாடு இல்லையென்றால் பிள்ளை மூளையைக் காப்பாற்றிக்கொண்டு கணையத்தையும் தசையையும் சுருக்கிக்கொள்கிறது என்று ஹேல்ஸ், பார்க்கர் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1992இலேயே ஒரு கருத்தை முன்வைத்திருந்தார்கள். நம் தாய்மார் ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த பிள்ளையைச் சுமந்துகொண்டு பால்மரம் வெட்டப் போனவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அவர்கள் சாப்பிட்டது எவ்வளவு, இரத்தம் இருந்தது எவ்வளவு என்று கொக்கிப்புழுக் கணக்கிலேயே தெரிந்துவிட்டது. பரம்பரை என்று நாம் சொல்வதில் மரபணு ஒரு பங்கு. தாயின் வயிற்றுப் பசியும் ஒரு பங்கு என்றே நான் நினைக்கிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். தோலுக்கடியில் கொழுப்பைப் பத்திரமாக வைக்க நமக்கு இடம் குறைவு. மிஞ்சினது கல்லீரலுக்கும் தசைக்கும் கணையத்துக்கும் போகிறது. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால் அது இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை. ராத்திரி முழுதும் சர்க்கரையைத் தயாரித்து இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். முந்தின இரவு எதுவும் சாப்பிடாதவருக்கும் காலையில் 9, 10 மில்லிமோல் என்று காட்டுவது இதனால்தான். தசையும் சர்க்கரையை வாங்க மறுக்கிறது. கணையம் ஈடுகட்ட அதிக இன்சுலின் சுரந்து பார்க்கும். பிறக்கும்போதே சின்னதாகப் பிறந்த கணையம் எத்தனை நாள் ஓடும்? வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.0ஐத் தாண்டி டாக்டர் உங்களுக்கு இனிப்புநீர் என்று சொல்லும் நாளில், இன்சுலின் சுரக்கும் திறனில் பாதியளவு ஏற்கெனவே போய்விட்டிருக்கும் என்று பிரிட்டனில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வு காட்டியது. நோய் அன்று வந்ததல்ல, அன்று தெரிந்தது.

தோட்டத்தில் இது ஏன் வெளியே தெரியவில்லை? விடியுமுன் எழுந்து நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்து குனிந்து நிமிர்ந்த உடம்பில் தசை வேலை செய்துகொண்டிருந்தது. வேலை செய்கிற தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயம் இடிந்து அடுக்குமாடி வந்தது. பிள்ளைகள் ஆயர் கெரோவிலும் பத்து பெரெண்டாமிலும் தொழிற்சாலை ஷிப்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மாறினார்கள். ஜி6பிடி குழந்தையின் கதைதான் இது: பழுது முன்பே இருந்தது, தட்டி எழுப்புவது பிறகு வந்தது.

பழுது தெரிந்தால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். இரண்டு உதாரணம் தருகிறேன். பிறந்த ஆறு மாதத்துக்குள் நீரிழிவு வருகிற அபூர்வக் குழந்தைகளுக்கு ஆயுள் முழுதும் இன்சுலின் ஊசிதான் என்று இருந்தது. 2004இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் குழுவினர் அவர்களில் பலருக்குக் கணைய அணுவின் ஒரு பொட்டாசியக் கதவு மூடாமல் நின்றுவிடுவதைக் கண்டார்கள். அந்தக் கதவை மூடுகிற பழைய மலிவு மாத்திரை ஏற்கெனவே கடையில் இருந்தது. பல குழந்தைகள் ஊசியை விட்டு மாத்திரைக்கு மாறினார்கள். இன்னொன்று நம் வகை நீரிழிவைப் பற்றியது. ஈரலிலும் கணையத்திலும் உள்ள கொழுப்புதான் பழுது என்றால் அதை வெளியேற்றினால் என்ன என்று கேட்டவர் நியூகாசலின் ராய் டெய்லர். 2017இல் வெளிவந்த அவர் குழுவின் ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களைக் கடுமையாக எடை குறைக்க வைத்ததில், ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினர் மாத்திரை இல்லாமல் நீரிழிவு எல்லைக்குக் கீழே இருந்தார்கள். இது எல்லாருக்கும் ஆகாது. பல ஆண்டு ஆனவர்களுக்கு ஆவது அரிது. யாரும் என் பேச்சைக் கேட்டு நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் ஒருமுறை வந்தால் போகாது என்று இருபது வருஷமாகச் சொல்லிவந்தவர்கள் இனி கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் இங்கே செய்ய வேண்டியது என்ன? இந்த மாநிலத்தில் கோயில் திருவிழா என்றால் மருத்துவ முகாம் ஒன்று நடக்கும். விரலில் ஊசி குத்தி, சீனி எண்ணைச் சீட்டில் எழுதி, இனிப்பைக் குறையுங்கள் என்று சொல்லி, வெளியே வந்ததும் சிராப் தண்ணீர் கொடுக்கிறோம். அந்த எண் பழுதின் கடைசி அத்தியாயம். முதல் அத்தியாயத்தைப் பார்க்க ஊசிகூட வேண்டாம், தையல்காரரின் டேப் போதும். ஆணுக்கு இடுப்பு 90 செண்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால், எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் உள்ளே கொழுப்பு இடம் மாறிவிட்டது என்று பொருள். பிஎம்ஐ அட்டவணையில் 25 வரை சரி என்று இருப்பது நமக்காக எழுதியதல்ல. ஆசியர்களுக்கு 23லேயே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இலேயே எழுதிவிட்டார்கள். முகாமில் இடுப்பை அளக்காதவர்கள் இனி அளக்கட்டும்.

கடைசியாக அறக்கட்டளைக் குழுவிடம் ஒரு வேண்டுகோள். கர்ப்பகாலத்தில் மட்டும் இனிப்புநீர் வந்து, பிள்ளை பிறந்ததும் போய்விட்ட பெண்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்கள் கணையம் ஒருமுறை தடுமாறிக் காட்டிவிட்டது. பிரசவமாகி ஆறு வாரத்தில் சர்க்கரைக் கரைசல் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கும், பிறகு ஆண்டுக்கொரு முறை பார்ப்பதற்கும் வரச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். கைக்குழந்தையோடு, வெறும் வயிற்றோடு, இரண்டு மணி நேரம் கிளினிக்கில் காத்திருக்க யாரால் வர முடியும்? பலர் வருவதில்லை. பத்து வருஷம் கழித்து முழு நோயோடு வருகிறார்கள். அடுத்த பிள்ளையும் அந்தச் சர்க்கரையிலேயே வளர்ந்து பிறக்கிறது. அறக்கட்டளைப் பணத்தில் அடுத்த ஆண்டு இன்னொரு சொற்பொழிவு வைப்பதைவிட, மாதம் இரண்டு காலை ஒரு வேன் வாடகைக்கு எடுத்து, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவையும் உடன் அனுப்பி, அந்தப் பெண்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வாருங்கள். பெயர்ப் பட்டியல் சேர்க்கத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்கள் உதவும். வேன் ஓட்டுநர் கிடைக்காத வாரங்களில் நான் ஓட்டுகிறேன். லைசென்ஸ் இன்னும் இருக்கிறது.